நாளைக்கு நீங்கள் வர வேண்டாம்

நான் எட்டாம் வகுப்பு படித்தது கெலமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில். 1990களின் தொடக்கம். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, எல்லாவற்றுக்கும் தருமபுரிதான். ஒரு நாள் மாலை கடைசி மணி அடிப்பதற்கு முன்பு வாத்தியார் எங்களில் ஆறு பேரை எழுந்து நிற்கச் சொன்னார். மறுநாள் பள்ளியை ஆய்வு செய்ய அதிகாரி வருகிறார். "நீங்க ஆறு பேரும் நாளைக்கு வர வேண்டாம். நாளான்னிக்கு வந்தாப் போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எங்களுக்கு ஏதோ சலுகை கொடுப்பவர் போலத்தான் சொன்னார். ஆறு பேரில் ஐந்து பேர் காலனிப் பிள்ளைகள். ஆறாவது, ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன்.

மறுநாள் நாங்கள் ஏரிக்கரையில் புளியங்காய் அடித்துக்கொண்டிருந்தோம். அதிகாரி வந்தார், கேள்வி கேட்டார், பிள்ளைகள் பதில் சொன்னார்கள், பள்ளிக்கு நல்ல பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நல்ல பெயரில் நாங்கள் ஆறு பேரும் கிடையாது. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. "வந்தாரு" என்பதற்கு "வச்சாரு" என்று வாய் தவறிச் சொல்லி வகுப்பே சிரித்த நாட்கள் உண்டு. பின்னாளில் அதே தமிழில்தான் முதுகலை முடித்தேன் என்பது வேறு கதை.

இந்தப் பழைய நினைவு இப்போது எதற்கு என்றால், ஒரு வாத்தியார் ஆறு பேருக்குச் செய்ததை ஒரு நாடு கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறது. அதில் முதலில் சிக்கிய மாநிலம் தமிழ்நாடு.

74 இடங்களில் 72

பிசா என்று ஒரு தேர்வு இருக்கிறது. பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டுத் திட்டம் என்பது அதன் பொருள். பாரிஸில் தலைமையகம் வைத்திருக்கும் ஓ.இ.சி.டி. என்ற, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட அமைப்பு 2000 முதல் இதை நடத்திவருகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வு. வாசிப்பு, கணிதம், அறிவியல் மூன்றும் உண்டு. பாடப் புத்தகத்தின் பின்பக்க வினாக்கள் வராது. ஒரு பத்தியைக் கொடுத்து, இதை எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், உனக்கு அது சரியாகப் படுகிறதா, ஏன் என்று கேட்பார்கள். படித்ததை வாழ்க்கையில் எடுத்துப் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். எந்த மாணவரின் தனி மதிப்பெண்ணும் வெளியே வராது. நாட்டின், மாநிலத்தின் சராசரிதான் வரும்.

2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பாக 2010இல் இந்தியாவிலிருந்து இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன. தமிழ்நாடு ஒன்று, இமாச்சலப் பிரதேசம் இன்னொன்று. கல்வியில் நன்றாகச் செய்கிற மாநிலங்கள் என்று பெயர் எடுத்தவை இரண்டும். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337, கணிதத்தில் 351, அறிவியலில் 348. ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி முறையே 493, 496, 501. முதலிடம் பிடித்த சீனாவின் ஷாங்காய் வாசிப்பில் 556. மொத்தம் 74 நாடுகளும் பகுதிகளும் இருந்த பட்டியலில் தமிழ்நாடு 72. நமக்குக் கீழே இருந்தவை இமாச்சலமும் கிர்கிஸ்தானும் மட்டும்.

வாசிப்பில் ஏறக்குறைய 40 புள்ளி என்பது ஓராண்டுப் படிப்புக்குச் சமம் என்று அந்த அமைப்பே அப்போது கணக்குச் சொன்னது. அப்படிப் பார்த்தால் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஏறத்தாழ நான்கு ஆண்டு பின்தங்கி நின்றது.

முடிவைப் பார்த்த நாடு என்ன செய்தது? கேள்விகள் நம் சமூக, பண்பாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று மத்திய அரசுத் தரப்பு சொன்னது. 2012 சுற்றில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. 2015இல் இல்லை. 2018இல் இல்லை. பிறகு 2019 ஜனவரியில் ஓ.இ.சி.டி.யோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த சுற்றில் கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சண்டிகர் பள்ளிகள் கலந்துகொள்ளும் என்றார்கள். கவனியுங்கள், யாரை அனுப்புவது என்று யோசித்தபோது அவர்களுக்கு நினைவுக்கு வந்தவை இவைதான். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளி, மத்திய அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் முதலில் சேரும் பள்ளி, ஒரு நகரம். ஆய்வு நாளில் முன்வரிசையை நிரப்புகிற அதே வாத்தியார் புத்தி. அந்தச் சுற்று கொரோனாவால் 2022க்குத் தள்ளிப்போனது. அதிலும் இந்தியா கடைசியில் உட்காரவில்லை.

பிசாவைக் கொண்டாட நான் இதை எழுதவில்லை. உலகப் பிள்ளைகளையெல்லாம் ஒரே தராசில் நிறுத்தி வரிசை எண் போடுவது கல்வியைக் கெடுக்கிறது என்று 2014இல் பல நாட்டுக் கல்வியாளர்கள் சேர்ந்து பிசாவின் இயக்குநருக்குத் திறந்த மடலே எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. 72ஆம் இடமா 50ஆம் இடமா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த அறிக்கையில் எனக்கு உறுத்துகிற எண் வேறு.

பதினேழு பேர்

வாழ்க்கையை நடத்தக் குறைந்தபட்சம் இவ்வளவாவது வாசிக்கத் தெரிய வேண்டும் என்று பிசா ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. இரண்டாம் நிலை என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கோட்டைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 17 பேர். ஓ.இ.சி.டி. நாடுகளில் 81 பேர். கணிதத்தில் நம் கணக்கு 15, அறிவியலில் 16. அதே ஆண்டுகளில் நம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள். தேர்ச்சிச் சான்றிதழ் கையில் இருக்கிறது, ஒரு பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்லத் தெரியவில்லை.

அன்று தேர்வு எழுதிய வயதுப் பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். விடிகாலை ஐந்தரைக்குக் கெலமங்கலம் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் அவர்களைப் பார்க்கலாம். ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் ஷிப்ட் பேருந்துக்குக் காத்திருப்பார்கள். இப்போது தொழிற்சாலைகள் நம் வயல்களுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டன. கைப்பேசி உதிரிபாகம் செய்யும் ஆலைக்கு ஆயிரக்கணக்கில் இளம்பெண்களை எடுக்கிறார்கள். வேலை வந்தது நல்லதுதான். தக்காளிக் கூடை தூக்குவதைவிட மேல்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருப் பையன் ஒருவன் வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, பர்மனென்ட் கிடைச்சிடுச்சு" என்று ஸ்வீட் வேறு கொண்டுவந்தான். நாலு பக்கம், ஆங்கிலம். அவன் பத்தாம் வகுப்பு தேறியவன், ஐ.டி.ஐ. முடித்தவன். படித்துப் பார்த்தேன். அது நிரந்தர வேலைக்கான உத்தரவு இல்லை, தொழில் பழகுநர் சட்டத்தின்படி பயிற்சிக்கு எடுக்கும் ஒப்பந்தம். பழகுநர் என்றால் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, காலம் முடிந்ததும் வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தான். ஆங்கிலம் தெரியாததால் ஏமாந்தான் என்று சொல்லிவிடலாம். நான் தமிழில் எழுதிக் கொடுத்து, இரண்டாம் பத்தியில் சொன்னதும் மூன்றாம் பக்கத்தில் சொன்னதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கக்கா" என்றான். பிசா இரண்டாம் நிலை என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான்.

ஆப்பிளும் சவுக்கும்

கேள்விகள் நம் பண்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்ற வாதத்தைச் சோதித்துப் பார்த்தேன். எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகள் பதினொரு பேர் வருகிறார்கள். பிசா பொதுவில் வெளியிட்ட பழைய கணக்கு ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு விவசாயி ஆப்பிள் மரங்களைச் சதுரமாக நடுகிறார். காற்றுத் தடுப்புக்குத் தோட்டத்தைச் சுற்றி ஊசியிலை மரங்களை வைக்கிறார். ஒரு வரிசை என்றால் ஆப்பிள் 1, சுற்றிலும் 8. இரண்டு வரிசை என்றால் ஆப்பிள் 4, சுற்றிலும் 16. மூன்று என்றால் 9, 24. அட்டவணையை ஐந்து வரிசை வரை நிரப்பு. எத்தனையாவது வரிசையில் இரண்டும் சமமாகும்? தோட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எந்த மரம் வேகமாகக் கூடும், ஏன்?

ஆப்பிள் ஒருவருக்கும் தடையாக இல்லை. ஆப்பிள் தெரியாத பிள்ளை இன்று கெலமங்கலத்தில் யார்? ஊசியிலை மரம் என்றால் என்ன என்று கேட்டார்கள். சவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆப்பிளைப் பெங்களூரா மாமரம் என்று வைத்துக்கொண்டாலும் சரி என்றேன். அவ்வளவுதான், பண்பாட்டுச் சிக்கல் தீர்ந்தது. ஒன்பது பேர் அட்டவணையை நிரப்பிவிட்டார்கள். நான்கு பேர் எட்டாவது வரிசையில் இரண்டும் 64 என்று கண்டுபிடித்தார்கள். கடைசியில் இருந்த 'ஏன்' என்ற சொல்லில்தான் எல்லோரும் நின்றுபோனார்கள். "ஆன்சர் சொல்லுங்கக்கா, எழுதிக்கிறோம்" என்றார்கள். பத்து ஆண்டு பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

ஒரு பெண் மட்டும் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்குப் போகும் முன் அம்மாவோடு ரோஜாப் பசுமைக்குடிலில் பூ வெட்டப் போகிறவள். சத்தமே இல்லாமல் தெலுங்கில் சொன்னாள்: மாமரம் தோட்டம் முழுக்க நிறைகிறது, சவுக்கு வேலி ஓரத்தில் மட்டும்தானே போகிறது, அப்போது மாமரம்தானே வேகமாகக் கூடும்?

அதுதான் விடை. பரப்பளவுக்கும் சுற்றளவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவிட்டாள். எழுது என்றேன். பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். "தமிழ்ல எப்படி எழுதறதுன்னு தெரியலக்கா." தேர்வுத் தாளில் அவளுக்குப் பூஜ்யம்தான்.

எத்தனை புத்தகம்? எந்தத் தெரு?

பிசாவில் தேர்வோடு சேர்த்து மாணவரிடம் ஒரு கேள்வித்தாளும் கொடுப்பார்கள். எனக்குத் தேர்வைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது. அப்பா, அம்மா என்ன படித்தார்கள், என்ன வேலை, வீட்டில் என்ன மொழி, படிக்க மேசை உண்டா, சத்தமில்லாத இடம் உண்டா, வீட்டில் எத்தனை புத்தகம் என்றெல்லாம் கேட்பார்கள். புத்தகக் கணக்கில் பள்ளிப் பாடநூலைச் சேர்க்கக் கூடாது என்றும் போட்டிருக்கும். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்த இடத்தில் பூஜ்யம்தான் வரும். இதையெல்லாம் சேர்த்து ஒரு குறியீடு போட்டு, வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் சொல்வார்கள். 2022இல் கணிதத்தில் ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி இடைவெளி 93 புள்ளி. ஒரு நாட்டின் பள்ளிகள் நியாயமாக நடக்கின்றனவா என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் இது.

நல்ல அளவுகோல்தான். ஆனால் அது நம் ஊருக்குப் போதாது. அதில் சாதி என்ற கேள்வி இல்லை.

ஒரே வேலை செய்யும் இரண்டு அப்பாக்கள், ஒரே அளவு புத்தகம் உள்ள இரண்டு வீடுகள். ஒரு வீடு ஊரில், இன்னொன்று காலனியில். பிசாவின் கணக்கில் இரண்டு பிள்ளைகளும் சமம். 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் கழிப்பறையைக் கழுவச் சொன்னது எந்தப் பிள்ளைகளை? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட மாணவர் ஏழை என்பதற்காகவா வெட்டப்பட்டார்? உடன் படித்தவர்களே அதைச் செய்தார்கள். அந்த மாணவர் மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 469 எடுத்தார். அந்த மதிப்பெண்ணைக் குறியீட்டின் எந்தக் கட்டத்தில் போடுவது?

அளக்க முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. அமெரிக்கா தன் பிசா முடிவை இனவாரியாகப் பிரித்தே வெளியிடுகிறது. 2009 வாசிப்பில் வெள்ளை மாணவர் சராசரி 525, கறுப்பின மாணவர் சராசரி 441. வெட்கப்பட வேண்டிய எண்தான், ஆனால் மேசை மேல் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், தேர்ந்தெடுக்கும் பள்ளிகளில் உள்ள தகுதியான பூர்வகுடி மாணவர்கள் எல்லோரையும் தேர்வில் சேர்த்துத் தனி அறிக்கை போடுகிறது. 2009இல் அங்கே வாசிப்பில் இடைவெளி 80 புள்ளிக்கும் மேல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்நாடு கலந்துகொண்ட அந்த நீட்டிப்புச் சுற்றின் அறிக்கையை எழுதியது மெல்போர்னில் உள்ள ஆஸ்திரேலியக் கல்வி ஆய்வுக் கழகம். தன் நாட்டில் பூர்வகுடிப் பிள்ளையைத் தனியாக எண்ணிப் பார்க்கும் அதே நிறுவனம்தான். நம் மாநிலத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி. நம் அறிக்கையில் அப்படி ஒரு வரிசை இல்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கேட்க வேண்டியவர்கள் நம் அரசுகள்.

முதலிடத்தின் ரகசியம்

ஷாங்காய் எப்படி முதலிடம் வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சீனாவில் ஹுகோ என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. கிராமத்தில் பதிவான குடும்பம் நகரத்துக்கு வேலைக்குப் போனால், பிள்ளை நகரத்தில் மேல்நிலைப் பள்ளியில் சேருவது கடினம். பதினைந்து வயது நெருங்கும்போது பலர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள். ஷாங்காயில் கட்டடம் கட்டியவரின் பிள்ளைகளில் பலர் ஷாங்காயின் கணக்கில் வரவில்லை என்று ஆய்வாளர்கள் அப்போதே கேள்வி எழுப்பினார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் கெலமங்கலத்துக் குடும்பங்களுக்கும், இங்கே செங்கல் சூளைக்கு வரும் வடமாநிலக் குடும்பங்களுக்கும் இது புரியும்.

2012இல் வியட்நாம் கணிதத்தில் 511 எடுத்து உலகத்தை வியக்க வைத்தது. ஏழை நாடு, அமெரிக்காவை முந்திவிட்டது. உண்மையிலேயே பெரிய காரியம்தான். ஆனால் அந்நாட்டின் பதினைந்து வயதுப் பிள்ளைகளில் 56 சதவீதத்தினரைத்தான் அந்தத் தேர்வின் கணக்கு எட்டியது. பிசா பள்ளிக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான். பதினான்கு வயதில் கல் குவாரிக்குப் போனவன், பெரியவளானதும் நிறுத்தப்பட்டவள், அஞ்செட்டி மலையில் பன்னிரண்டு வயதில் கல்யாணம் பேசப்பட்டவள், இவர்கள் யாரும் எந்த நாட்டின் சராசரியையும் குறைப்பதில்லை. தமிழ்நாட்டின் 337கூட பள்ளியில் மிஞ்சியவர்களின் எண்தான்.

பிரிப்பது யார்

2001 டிசம்பரில் முதல் பிசா முடிவு வந்தபோது ஜெர்மனி ஆடிப்போனது. சராசரிக்கும் கீழே. அதைவிட மோசம், பெற்றோரின் நிலையும் பிள்ளையின் மதிப்பெண்ணும் மிக இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. காரணம் அவர்களுக்கே தெரியும். அங்கே பெரும்பாலான இடங்களில் பத்து வயதில் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துவிடுவார்கள். ஒரு பள்ளி பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று நடுத்தர வேலைக்கு, ஒன்று கைத்தொழிலுக்கு. போலந்து 1999இல் இதே போன்ற பிரிவினையை ஓர் ஆண்டு தள்ளி வைத்தது, எல்லோரும் கூடுதலாக ஓராண்டு ஒரே பள்ளியில் படித்தார்கள். வாசிப்பு சராசரி 2000இல் 479, 2009இல் 500. பின்லாந்து 1970களிலேயே பிரிவினையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுப் பள்ளி என்று ஆக்கியது. அங்கே ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிதான் நல்ல பள்ளி.

நம் ஊரில் எந்த வயதில் பிரிக்கிறார்கள்? பத்து வயதிலா? மூன்றரை வயதில். காலை எட்டு மணிக்குக் கெலமங்கலத்தில் மஞ்சள் வேன்கள் வரும். வேன் ஊர்த்தெருவில் நின்று ஏற்றிக்கொண்டு போய்விடும். அரசுப் பள்ளியில் மிஞ்சுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசே பிரித்து வைத்ததும் உண்டு. ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. 1920களில் ஊர்ப் பள்ளிகள் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில் தொழிலாளர் துறை தொடங்கிய 'லேபர் ஸ்கூல்'களின் வாரிசுகள் அவை. அன்றைக்கு அவை கதவு திறந்தன, அந்த நன்றி எனக்கு உண்டு. நூறு ஆண்டு கழித்தும் பெயர்ப்பலகையில் சாதியோடு, வேறொரு துறையின் கீழ் ஏன் நிற்கின்றன? நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குங்கள், எல்லாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவாருங்கள் என்று பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். நான் இந்தக் கட்டுரையில் அந்தச் சொல்லை எழுதியதற்குக் காரணம், எங்கள் தெருவுக்கு மழை பெய்தால் பேருந்து வராது என்பது இன்னும் மாறவில்லை.

பெரு வந்த வழி

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. மலைமேல் கெச்சுவா பேசும் பழங்குடி மக்கள், பள்ளியில் ஸ்பானியம். நம் அஞ்செட்டி, தளி மலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பிசா சுற்றில் வாசிப்பில் 327 எடுத்துக் கடைசி இடம். நம்மைப் போலவே வெட்கப்பட்டு இரண்டு சுற்றுக்கு ஒதுங்கினார்கள். 2009இல் திரும்பி வந்தார்கள், 370. 2012இல் 65 பேரில் மறுபடியும் கடைசி இடம், நாளேடுகள் கிழித்தன. இந்தத் தடவை ஒதுங்கவில்லை. 2018இல் 401, 2022இல் 408. இன்னும் சராசரிக்குக் கீழேதான் நிற்கிறார்கள். ஆனால் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம்மிடம் சொந்த அளவுகோல் இல்லாமல் இல்லை. தேசிய அடைவு ஆய்வு என்று மத்திய அரசு நடத்தியது. அதில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், பொது என்று பிரித்து மாவட்டம் வாரியாகவே வெளியிட்டார்கள். பிசா கேட்காததை இது கேட்டது, அந்த மட்டில் நல்லது. ஆனால் 2021 ஆய்வு நடந்தது நவம்பர் 12 அன்று. தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பின் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தது நவம்பர் 1 அன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அப்போதுதான் வகுப்பறைக்குத் திரும்புகிறது, பன்னிரண்டாம் நாள் தேர்வு. பதினைந்து வயதில் நம் பிள்ளை ஒரு பத்தியைப் படித்து 'ஏன்' என்று எழுதுமா என்பதற்கு இதுவும் விடை சொல்லாது.

அதனால் கெலமங்கலம் ஒன்றியத்தில் இருக்கும் பெற்றோரிடமும் கல்லூரி மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். தேர்ச்சி சதவீதம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அதை அவர்களே பேனர் கட்டிச் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் ஒரு பக்கத்தைப் படித்துச் சொந்தமாக நாலு வரி எழுதுகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் நம் தெருப் பிள்ளைகள், ஆறாம் வகுப்பில் சேர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆய்வு நாளின் வருகைப் பதிவேட்டையும் அதற்கு முந்தைய நாளின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாவட்டத்தின் அடைவு ஆய்வு அறிக்கை இணையத்தில் இருக்கிறது, கைப்பேசியிலேயே திறக்கலாம். கிராம சபையிலும் இதைப் பேசலாம். தெரு விளக்கு மட்டும்தான் கிராம சபைப் பொருள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மாமரக் கணக்குப் பெண்ணிடம் நான் மறுபடி தமிழில் எழுதச் சொல்லவில்லை. தெலுங்கில் எப்படிச் சொன்னாயோ அதையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் வந்தாள். ஒரு பக்கம் தெலுங்கு, தமிழ் எழுத்தில். அதற்குக் கீழே அவளாகவே எழுதிய மூன்று வரி தமிழ். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. பிசா கணக்குத் தாளில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. நானும் குறைக்கவில்லை. காரணம் சரியாக இருந்தது.